மேட்டில் மூச்சு வாங்கிய வண்டி

இரண்டு மணி தாண்டியிருக்கும். ஊர் மொத்தமும் போர்வைக்குள் இருக்கிற நேரம். ரயில் பாதைக்கு மேலே ஏறி இறங்குகிற பாலம்... விளக்குக் கம்பங்கள் வரிசையாக உண்டு, விளக்குதான் ஒன்றிலும் எரியாது. ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கிற கிடங்குகள். இன்னொரு பக்கம் முள்கம்பி வேலி. அந்த ஏற்றத்தின் பாதியில் ஒரு பழைய பிக்கப் வண்டி நிற்கிறது. பானெட் தூக்கியிருக்கிறது. உள்ளே ஒரு பெண், சாவியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்...

இருங்கள். முதலிலிருந்தே சொல்கிறேன். மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மெஷின் ஓடாமல் சோப்புக்கு உறை போடவும் முடியாது. அந்த டார்ச்சை என் முகத்தில் அடிக்காதீர்கள், நானே பேய் மாதிரித் தெரிவேன். தரையில் வையுங்கள். நெருங்கி உட்காருங்கள். பாத்ரூம் போக வேண்டியவர்கள் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள். அப்புறம் துணைக்கு வா என்று என்னை யாரும் எழுப்பக் கூடாது.

இது எனக்கு நடந்ததில்லை. முன்பு இதே மேசையில் என் பக்கத்தில் வேலை பார்த்தாளே, கண்ணாடிக்காரி... அவளுடைய சொந்த அக்காவுக்கு நடந்தது. எனக்கு சைக்கிள்கூட ஓட்ட வராது. ஆனால் கண்ணாடிக்காரியிடம் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, டீசல் வண்டி ஏன் நிற்கிறது என்று பாடம் எடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். சிரிக்காதீர்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் நீங்களும் தேறிவிடுவீர்கள்.

அந்த அக்கா ஒரு சலவைக்கூடம் நடத்தினாள். வீட்டுத் துணி இல்லை, ஆஸ்பத்திரித் துணி. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறையில் போர்த்துகிற பச்சைத் துணி. சாயங்காலம் அழுக்கு வரும். ராத்திரி முழுக்கத் துவைத்து, கொதி ஆவியில் உலர்த்தி, மடித்து, விடிவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நேரத்துக்குத் துணி போகவில்லை என்றால் அங்கே ஆபரேஷன் தள்ளிப்போகும். அது விளையாட்டுக் காரியம் இல்லை.

வண்டி ஓட்டுவது அக்காவின் வீட்டுக்காரர். கண்ணாடிக்காரி அத்தான் என்பாள், நானும் அப்படியே சொல்கிறேன். அத்தான் ஒரு வேடிக்கையான மனிதர். சலவைக்கூடம் அக்கா பெயரில் இருந்ததால், பெண்டாட்டியை முதலாளி என்றுதான் கூப்பிடுவார். "முதலாளி, மூட்டை ஏத்தியாச்சு." "முதலாளி, ஒரு வாய் தண்ணி கிடைக்குமா?" அக்கா முறைப்பாள். முறைத்துக்கொண்டே தண்ணீர் கொண்டுவருவாள். அவளுக்கு அவர் என்றால் உயிர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அதுதான்.

வண்டியை அவர்கள் பழசாக வாங்கினார்கள். சும்மா பழசு இல்லை... கிலோமீட்டர் காட்டுகிற எண்கள் ஒரு முறை முழுதாகச் சுற்றி முடித்து, மறுபடியும் பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தன. ஆனால் என்ஜின் கெட்டியாக இருந்தது. பெயின்ட் வெளுத்திருந்தது. முன் பம்பர் மட்டும் புதிது.

விற்றவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எல்லாவற்றையும் காட்டினார், எதையும் மறைக்கவில்லை. சாவியைக் கொடுக்கும்போது மட்டும் கையை விடாமல் ஒரு வார்த்தை சொன்னார்.

"டீசல் வண்டி, எப்பவாச்சும் லைன்ல காத்து பிடிச்சு நிக்கும். நின்னா நீங்க ஒருத்தரே ஏர் எடுங்க. இன்னொருத்தர் கையில சாவியைக் குடுத்துட்டு முன்னாடி நிக்காதீங்க."

ஏர் எடுப்பது என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். டீசல் போகிற குழாயில் காற்றுக் குமிழி புகுந்துவிட்டால் என்ஜினுக்கு டீசல் போகாது, வண்டி நின்றுவிடும். பானெட்டைத் தூக்கினால் ஃபில்டர் தலையில் கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி ஒரு சின்னக் கைப்பம்ப் இருக்கும். பக்கத்தில் இருக்கிற திருகைத் தளர்த்திவிட்டு அதை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். சக்... சக்... சக்... முதலில் நுரை வரும். நுரை போய்ச் சுத்தமான டீசல் வந்ததும் திருகை இறுக்கி, சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பும். இரண்டு பேர் இருந்தால் சீக்கிரம் முடியும், ஒருவர் பம்ப் அடிக்க, ஒருவர் சாவி திருப்ப. எல்லா ஷெட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள். அதனால் அந்த மனிதர் சொன்னது அத்தானுக்கு வினோதமாகப் பட்டது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

கொஞ்ச நாள் வண்டி ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு ராத்திரி, அந்தப் பாலத்து ஏற்றத்தில்... சீராக ஓடிக்கொண்டிருந்த என்ஜின் திடீரென்று இருமியது. ஒரு இருமல். இன்னொரு இருமல். பின்னால் வெள்ளைப் புகை. வண்டிக்கு உடம்பெல்லாம் ஒரு உதறல் வந்தது, நின்றுவிட்டது. அத்தான் தனியாகவே இறங்கி ஏர் எடுத்தார். நுரை நுரையாக வந்தது. வெகு நேரம் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பொழுது விடிந்துவிட்டது.

அடுத்த வாரம் மறுபடியும். அதே ஏற்றம், அதே இடம்.

அவர்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருந்தான். அவனுக்கு மோப்பம் என்று பட்டப்பெயர். ஆயில் குச்சியை உருவி மூக்கில் வைப்பான், புகைக்குழாயில் மூக்கை வைப்பான். ஒரு நாள் மூக்கு சுட்டுக்கொண்டதும் உண்டு. வாய் நீளம், ஆனால் வேலையில் ஏமாற்ற மாட்டான்.

"கறுப்புப் புகைன்னா டீசல் அதிகம், காத்து போதலை. நீலப் புகைன்னா ஆயில் எரியுது. இது வெள்ளை. டீசல் எரியாமயே வெளிய வருது. வண்டிக்குப் பசியும் இல்ல, காய்ச்சலும் இல்லண்ணே. மூச்சுத் திணறுது, அவ்வளவுதான்," என்றான்.

ஃபில்டரை மாற்றினான். அடியில் தேங்கிய தண்ணீரை வடித்தான். டேங்க்கைக் கழற்றி, துருவைச் சுரண்டிக் கழுவினான். ரப்பர் குழாய் எல்லாம் புதிது. ஷெட்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால் வண்டி குதிரை. பாலத்துக்குப் போனால்... நின்றது.

அப்புறம் ஒரு காரியம் செய்தான். ஃபில்டருக்குப் போகிற குழாயில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை மாட்டினான். குமிழி வந்தால் கண்ணில் படும், எந்தப் பக்கத்திலிருந்து காற்று புகுகிறது என்று தெரிந்துவிடும். அன்றைக்கு அவனே கூட வந்தான். மேட்டில் வண்டி இரும ஆரம்பித்ததும் குதித்து இறங்கி, பானெட்டைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தான். மூக்கு குழாயில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தான்.

"என்னடா?" என்று அத்தான் கேட்டார்.

"குமிழி வருதுண்ணே. ஆனா டேங்க்லேர்ந்து என்ஜினுக்கு வரணும். இது என்ஜின் பக்கத்துலேர்ந்து டேங்க்குக்குப் போகுது." டார்ச்சைக் கீழே இறக்கினான். "இந்தப் பக்கத்துலேர்ந்து யாரோ வாய் வச்சு ஊதுற மாதிரி இருக்குண்ணே."

மறுநாள் வெளிச்சத்தில் அவனுக்கு வீரம் திரும்பிவிட்டது. டேங்க்குக்குள் டீசலை உறிஞ்சுகிற இரும்புப் பைப்பில் முடி அளவு ஒரு விரிசலைக் கண்டுபிடித்தான். பாதி டேங்க்குக்குக் கீழே டீசல் இறங்கினால் அந்த விரிசல் வெளியே தெரியும், மேட்டில் சாயும்போது காற்றை இழுக்கும். இதுதான் வியாதி என்று அடித்துச் சொன்னான். பழைய மாடல், பைப் எங்கிருந்தோ வர வேண்டும், வரும்வரை டேங்க்கை நிரப்பியே வைத்திருங்கள் என்றான். குமிழி ஏன் பின்னால் போனது என்று அக்கா கேட்டாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வேறு வண்டிக்குப் போய்விட்டான்.

இதற்குள் ஆஸ்பத்திரியில் பொறுமை போய்விட்டது. துணிக் கிடங்குப் பொறுப்பாளர் அம்மாள் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் மேல எனக்குக் கோபம் இல்லம்மா. ஆனா இன்னொரு தடவை லேட்டானா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்," என்றார். அக்கா வீட்டுக்கு வந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனி ராத்திரி நானும் வண்டியில் வருகிறேன், நின்றால் நான் சாவி திருப்புகிறேன், சீக்கிரம் கிளம்பிவிடலாம் என்றாள். விற்றவர் சொன்னதை அத்தான் ஒரு பேச்சுக்கு நினைவுபடுத்தினார். அக்கா கேட்கவில்லை. அவள் இடத்தில் யாராக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போதுதான் அந்த ராத்திரி வருகிறது. யாரோ என் புடவையைப் பிடித்து இழுக்கிறீர்கள், விடுங்கள், கிழிந்துவிடும்.

தூறல். டேங்க் நிறைய டீசல். பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் வெளுத்த துணி மூட்டைகள், வண்டியெல்லாம் பிளீச்சிங் வாசனை. பாலத்தில் ஏறும்போது அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பாதி ஏற்றம்... ஒரு இருமல். இன்னொரு இருமல். நின்றது.

வண்டி பின்னால் சரியப் பார்த்தது. பழைய வண்டிதானே, கைப்பிரேக் சரியாகப் பிடிக்காது. அத்தான் கியரைப் போட்டு நிறுத்திவிட்டு இறங்கினார். அக்கா நகர்ந்து டிரைவர் இடத்துக்கு வந்தாள்.

"கியர்ல நிக்குது முதலாளி. இப்ப சாவியைத் திருப்பினா வண்டி முன்னாடி பாயும். நான் போய்ப் பின்சக்கரத்துக்குக் கல்லு வச்சிட்டு வரேன். நான் முன்னாடி வந்து சொன்னப்புறம், கிளச்சை மிதிச்சிட்டுத் திருப்புங்க. அதுவரைக்கும் தொடாதீங்க."

போகிற போக்கில் பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, அவர் பின்பக்கம் போனார். பானெட் தூக்கினால் உள்ளே இருப்பவருக்கு முன்னால் எதுவுமே தெரியாது, வெறும் தகரம்தான். பக்கக் கண்ணாடியில் மழைத் தண்ணீர். அக்கா உட்கார்ந்திருந்தாள். தார்ப்பாயில் தூறல் விழுகிற சத்தம்... தூரத்தில் எங்கோ ஒரு ரயில்... ஆஸ்பத்திரியை நினைத்தாள், அந்த அம்மாள் முகத்தை நினைத்தாள்.

சக்... சக்... சக்...

முன்னால் பம்ப் அடிக்கிற சத்தம். அப்பாடா, வந்துவிட்டார். சத்தம் முதலில் தளதளவென்று இருந்தது, நுரை. போகப் போகக் கெட்டியானது. மோப்பத்தின் ஷெட்டில் கேட்டுக் கேட்டு அக்காவுக்கு அந்தச் சத்தம் பழக்கமாகிவிட்டிருந்தது, ஏர் போய்விட்டது என்று தெரிந்தது. சாவியில் கை வைத்தாள்.

"திருப்பு."

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. ஆண் குரல், தொண்டை கட்டின மாதிரி. திருப்புங்க முதலாளி என்று சொல்லவில்லை. அது அக்காவுக்கு உறைத்தது. ஆனால் உறைக்கும் முன்பே கை திரும்பிவிட்டது, அவசரத்தில் கிளச்சை மிதிக்கவும் மறந்துவிட்டாள். வண்டி குதித்து முன்னால் பாய்ந்தது.

எதன் மேலோ மோதியது.

அந்தச் சத்தத்தை அக்கா வாழ்க்கை பூராவும் கேட்டிருக்கிறாள். ஈரத் துணி மூட்டை தரையில் விழுகிற சத்தம். அதோடு ஒரு மூச்சு... முழுசாக வெளியே வந்து, திரும்ப உள்ளே போகாத மூச்சு.

எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. முன்னால் போய்ப் பார்த்தாள். சாலை வெறுமையாக இருந்தது. குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்தாள், ஒன்றும் இல்லை. கைப்பம்ப்பைத் தொட்டாள். கல் மாதிரி கெட்டியாக இருந்தது, சுத்தமாக ஏர் எடுத்து முடித்திருந்தார்கள்.

பின்பக்கத்திலிருந்து அத்தான் வந்தார். இரண்டு கையிலும் கல்லைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, மழையில் நனைந்தபடி.

அக்கா போய் அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் உடம்பு சில்லென்று இருந்தது, மழையில் நின்றவர் உடம்பு அப்படித்தானே இருக்கும். என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவே இல்லை. வண்டி ஏன் குதித்தது என்றும் கேட்கவில்லை. கல்லைக் கீழே போட்டார், பானெட்டைச் சாத்தினார், ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. விடிவதற்கு வெகு முன்பே துணி போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாள் அக்காவைத் தட்டிக் கொடுத்தார்.

மோதின சத்தத்தைப் பற்றி அக்கா அன்றைக்கும் அத்தானிடம் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரியிடம் போனில் சொன்னதோடு சரி. "உங்க அத்தான் காதுக்குப் போகக்கூடாது, என் மேல சத்தியம்," என்று வாங்கிக்கொண்டாள். தன் கையால் தன் புருஷனை மோதினதாகத் தோன்றியது என்று எந்தப் பெண்தான் அவரிடமே போய்ச் சொல்வாள்?

அதற்குப் பிறகு வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை.

நல்ல செய்திதானே என்கிறீர்கள். மோப்பமும் அப்படித்தான் சொன்னான், பைப் வந்து சேருகிற வரைக்கும். பைப் வந்ததும் பழையதைக் கழற்றினான். விரிசல் அப்படியே இருந்தது. முன்பைவிடப் பெரிதாக, நகம் நுழைகிற அளவுக்கு. வாயில் வைத்து ஊதிப் பார்த்தான், காற்று பக்கவாட்டில் பீறிட்டது. டேங்க்கில் டீசலும் பாதிக்குக் கீழேதான் கிடந்தது.

"இதை வச்சுக்கிட்டு இந்த வண்டி தெருமுனை தாண்டாதுக்கா. தினம் பாலம் ஏறி இறங்குதுன்னு சொல்றீங்க. எப்படி ஓடுச்சுன்னு எனக்குப் புரியல."

பேசிக்கொண்டே, டார்ச் பிடிக்க வாங்கண்ணே என்று முன்னாலிருந்து அத்தானைக் கூப்பிட்டான். அத்தான் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, நகராமல் அவனைப் பார்த்தார். அவன் மறுபடி கூப்பிடவில்லை. அதோடு அந்த வண்டிக்கு வேலை பார்ப்பதையே நிறுத்திவிட்டான்.

அத்தானுக்கு ஒரு குறையும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிட்டார். வேலை செய்தார், முன்னைவிட அதிகமாக. கேட்டதற்குப் பதில் சொன்னார். முதலாளி என்று கூப்பிடுவது மட்டும் நின்றுவிட்டது. வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை. வந்து பக்கத்தில் நிற்பார், அவள் திரும்பிப் பார்க்கிறவரை நிற்பார். அக்கா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள், தூக்கமே போய்விட்டது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அன்றைக்குப் பின்பக்கத்திலிருந்து நடந்து வந்தது தன் புருஷன்தான் என்று யாராவது அடித்துச் சொல்ல வேண்டும்.

அதைச் சொல்லத்தான் கண்ணாடிக்காரி இங்கே லீவு போட்டுவிட்டுப் போனாள். அக்காவோடு தங்கினாள். அத்தானைக் கூர்ந்து கவனித்தாள். குரல் அவர் குரல்தான், நடை அவர் நடைதான். துணி மடிக்கிறபோது ஓரத்தை நகத்தால் நீவி விடுகிற பழக்கம்கூட அப்படியே இருந்தது. அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. "அவர் அவராத்தான் இருக்கார். உனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு. பேசாம தூங்கு," என்று அக்காவை அதட்டினாள். அக்கா சிரித்தாளாம், பல நாளைக்கு அப்புறம். அன்று ராத்திரி தங்கை மடியில் தலை வைத்து, குழந்தை மாதிரி தூங்கிப்போனாள்.

கண்ணாடிக்காரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். சலவைக்கூடத்தைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போக வேண்டும். விளக்குப் போடவில்லை. இருட்டில் அத்தான் மேசை முன்னால் நின்று படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். ஒரு மடிப்பு... நகத்தால் ஒரு நீவல்... இன்னொரு மடிப்பு. கொதி ஆவியில் காய்ந்த துணி வாசனை. வேறு ஒரு சத்தமும் இல்லை.

"தூங்கிட்டாளா உங்கக்கா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"தூங்கிட்டா அத்தான். இப்பத்தான்."

"பாவம். மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டுப் பயந்துட்டிருக்கா. நான் சொன்னா இன்னும் பயந்துடுவா... நீ சொல்லு அவகிட்ட."

"என்ன அத்தான் சொல்லணும்?"

விரிப்பை மடித்து முடித்து, மற்றவற்றின் மேல் வைத்து, கையால் ஒரு முறை தடவிக் கொடுத்தார்.

"ரொம்ப நேரம் வலிக்கலைன்னு சொல்லு."